கருங்கல்லும் கட்டிங் மெஷினும்: இயந்திரம் நம் நவீனக் கலைக்குத் தந்ததும் எடுத்துக்கொண்டதும்

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள் கிடக்கின்றன. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கிய குடும்ப முத்திரைகளும் டச்சு எழுத்துகளும் இத்தனை காலம் உப்புக்காற்றில் கிடந்தும் மங்கவில்லை. இப்பகுதியின் மெல்லிய மஸ்லின் துணி டச்சு வணிகரை இங்கே இழுத்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்தபோது சோழமண்டலக் கரையின் நெசவூர்கள் நொடித்துப்போயின. இந்தக் கரையில் கைத்திறனின் மேல் இயந்திரத்தின் நிழல் விழுந்த முதல் கதை அது.

கோட்டையை ஒட்டியே கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 1984இல். அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில் உள்ள மாமல்லபுரத்தின் பல்லவர் சின்னங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அதே ஆண்டு. உளியின் உச்சமும் இயந்திரத்தின் உச்சமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற கரை, கலைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவை ஆராய ஏற்ற இடம்.

இந்த உறவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிகிறார்கள். இயந்திரம் வந்தால் கலை செத்துவிடும் என்பது ஒரு கட்சி. இயந்திரமும் ஒரு கருவிதான், உளி எப்படியோ அப்படி என்பது மறுகட்சி. இரண்டு கட்சிக்கும் சான்றுகள் கிடைக்கின்றன. அதனால்தான் வழக்கு முடியாமலே நடக்கிறது. இந்தக் கட்டுரை வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. எந்த இயந்திரமும் மனித உழைப்பில் ஒரு பகுதியைக் குறைத்து நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அந்த மிச்ச நேரம் யார் கைக்குப் போகிறது? கலைஞருக்கா, வாங்குபவருக்கா, இடையில் நிற்பவருக்கா? ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் இந்தக் கேள்வியால் உரசிப் பார்த்தால், அது கலையை எங்கே வளர்த்தது, எங்கே வறளவைத்தது என்பது தெளிவாகிறது.

பாறையில் எழுதிய தொழில்நுட்பம்

தமிழகத்தில் கலையும் தொழில்நுட்பமும் சேர்ந்து பேசப்பட்ட மிகப் பழைய சான்றுகளில் ஒன்று முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததை அந்த மன்னன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். தெய்வத்தின் பெருமையோடு, கட்டிய முறையின் புதுமையும் கல்வெட்டில் இடம்பெறத் தக்கதாக இருந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லைக் குடைவது தமிழ்நாட்டுக்குப் புதிய தொழில்நுட்பம்.

அந்தத் தொழில்நுட்பம் எப்படி வேலை செய்தது என்பதை மாமல்லபுரத்தில் முடியாமல் நிற்கும் வேலைகள் காட்டுகின்றன. பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம், கோனேரிப் பள்ளத்தை ஒட்டிய குடைவரைகள் ஆகியவற்றை அருகே போய்ப் பார்க்க வேண்டும். பாறையின் முகத்தில் முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டிச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு சதுரத்தின் நடுவில் புடைத்து நிற்கும் கல்லை உடைத்து எடுத்துச் சமப்படுத்தி, அடுத்த அடுக்குக்கு மறுபடியும் காடி வெட்டியிருக்கிறார்கள். ஐந்து ரதங்களில் வேலை உச்சியிலிருந்து கீழே இறங்கிவந்திருப்பதும் தெரிகிறது. மேலே நுணுக்கம் முடிந்திருக்க, அடிப்பகுதி பல இடங்களில் கரடாகவே இருக்கிறது. இரும்பு உளி கருங்கல்லில் சீக்கிரம் மழுங்கும். சிற்பியின் பக்கத்திலேயே உலை ஊதி உளியைக் காய்ச்சி அடித்துக் கொடுக்கும் கொல்லர் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. பல்லவர் கலை என்று நாம் சொல்வதில் பாதி, கொல்லருலையின் கலை.

இன்றைய பட்டறை

மாமல்லபுரத்தில் இன்று உயிரோடு இருக்கும் சிற்பத்தொழில் பல்லவர் காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. ஆனால் இன்றைய மறுமலர்ச்சிக்கு உடனடிக் காரணம் 1957இல் அரசு இங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம். வைத்தியநாத ஸ்தபதியும், அவருக்குப் பின் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதியும் அதை வழிநடத்தினார்கள். இன்று அது அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அங்கே படித்தவர்களும் அவர்களிடம் தொழில் கற்றவர்களும் தெருத் தெருவாகப் பட்டறை போட்டார்கள். 2015இல் உலகக் கைவினைக் கழகம் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தப் பட்டறைகளில் இப்போது முதலில் காதில் விழுவது கட்டிங் மெஷினின் இரைச்சல். வேலையை நெருங்கிப் பார்ப்போம். சிற்பி கல்லின் முகத்தில் உருவத்தின் அளவுக்கோடுகளைப் போட்டுக்கொள்கிறார். தாளக் கணக்கு மாறவில்லை: நவதாளத்தில் உருவத்தின் உயரம் 108 அங்குலக் கூறுகள், உத்தம தசதாளத்தில் 124. பிறகு வைரத்தூள் பதித்த வட்டத் தகடு சுழலும் இயந்திரத்தைக் கையில் பிடித்து, கழிக்க வேண்டிய பகுதியில் நெருக்க நெருக்கமாகக் கீறல் போடுகிறார். இரண்டு கீறலுக்கு நடுவில் கல் மெல்லிய பலகையாக நிற்கிறது. சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. பலகை முறிந்து விழுகிறது. மறுபடியும் கீறல், மறுபடியும் தட்டு. பிடாரி ரதத்துக்கு அருகே பாறையில் காடி வெட்டியவர் செய்ததும் இதே தர்க்கந்தான்: முதலில் பிரி, பிறகு உடை. முறை அதே, வேகம்தான் பல மடங்கு. பல நாள் பிடித்த கொத்து வேலை ஓரிரு நாளில் முடிகிறது.

இயந்திரம் எங்கே நிற்கிறது என்பதும் பட்டறையிலேயே தெரியும். சுழலும் தகடு நேராகத்தான் போகும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி, விரல்களின் மடிப்பு, ஆபரணத்தின் அடிப்பக்கம், இமையின் விளிம்பு இங்கெல்லாம் உளிதான் போக வேண்டும். அந்த உளியும் மாறிவிட்டது. கார்பைடு முனை வைத்த உளி வந்தபின் நாள்தோறும் உலையில் காய்ச்சும் வேலை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கண் திறக்கும் கடைசி வேலை இன்றும் தலைமை ஸ்தபதியின் கையால்தான் நடக்கிறது.

நேரம் மிச்சமாகிறது, சரி. அது எங்கே போயிற்று? ஒரு பகுதி சிற்பிக்குக் கிடைத்தது. முதுகு ஒடிக்கும் வேலை குறைந்தது, வயதானவரும் தொழிலில் நீடிக்க முடிந்தது. பெரும்பகுதி சந்தைக்குப் போய்விட்டது. வாடிக்கையாளர் நாளைக் குறைத்துக் கேட்கிறார். பக்கத்துப் பட்டறை விலையைக் குறைத்துக் கொடுக்கிறது. ஒரே பிள்ளையார், ஒரே புத்தர் தலை வரிசையாக நிற்கின்றன. நுணுக்கத்துக்குச் செலவழிந்திருக்க வேண்டிய நேரம் எண்ணிக்கைக்குச் செலவழிகிறது.

வெளியே தெரியாத இழப்பு இன்னொன்று உண்டு. தொழில் பழகும் பையனுக்குக் கொத்து வேலைதான் பள்ளிக்கூடம். எந்தப் பக்கம் அடித்தால் கல் எப்படிப் பிளக்கும், உளி படும்போது எழும் ஓசை கணீரென்று இருக்கிறதா, உள்ளே விரிசல் இருப்பதைச் சொல்லும்படி மந்தமாக இருக்கிறதா என்பதையெல்லாம் மாதக்கணக்கில் அடித்து அடித்துத்தான் அவன் கற்றான். இரைச்சலில் கல்லின் ஓசை கேட்பதில்லை. அடிப்படைப் பயிற்சி நடந்த அந்தக் கட்டத்தையே இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்தப் படிப்பை வேறு எந்த வழியில் கொடுப்பது என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

கணபதி ஸ்தபதியின் இரண்டு பெரும்பணிகள் இந்த விவாதத்தின் இரு முனைகளைக் காட்டுகின்றன. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி உயரம். 38 அடிப் பீடத்தின் மேல் 95 அடிச் சிலை. ஆயிரக்கணக்கான கற்களைப் பல ஊர்களில் செதுக்கிக் கடலுக்குள் உள்ள பாறைக்குக் கொண்டுபோய், சவுக்குக் கம்புகளால் கட்டிய சாரத்தின் வழியே ஏற்றி அடுக்கினார்கள். இக்காலப் போக்குவரத்தும் பழைய சாரக்கட்டும் ஒரே வேலையில் கைகோத்தன. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் எழுந்த இறைவன் கோயில் வேறு வழி. கற்களைக் கையுளியால்தான் செதுக்க வேண்டும் என்று அதன் நிறுவனர் சிவாய சுப்பிரமுனியசுவாமி உறுதியாக நின்றார். அதற்காகவே பெங்களூருக்கு அருகே சிற்பிகளுக்கென்று ஒரு குடியிருப்பு அமைத்தார்கள். 1990இல் தொடங்கிய பணி முடிந்து குடமுழுக்கு நடந்தது 2023இல். வாங்குபவர் பொறுத்திருக்கத் தயாராக இருந்தால் சிற்பிக்கு நேரம் கிடைக்கிறது என்பதற்கு அந்தக் கோயில் சான்று. அப்படிப் பொறுத்திருக்கும் பணவசதி எத்தனை பேருக்கு உண்டு என்பது தனிக் கேள்வி.

கேமராவும் அச்சும்

கல்லில் நடந்தது பிற்காலக் கதை. தமிழ்நாட்டுக் கலையை இயந்திரம் முதலில் தொட்டது கேமராவின் வழியாகவும் அச்சின் வழியாகவும்தான். அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி சில ஆண்டுகளில் அரசின் தொழிற்கலைப் பள்ளியானது. இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர் அது. ஓவியத்தோடு புகைப்படமும் அங்கே பாடமாக இருந்தது. அதே பள்ளியில் 1898 வாக்கில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். நம் வீடுகளுக்குள் அலுமினியம் வந்த வழி ஒரு கலைப்பள்ளியின் வாசல் வழியாகத்தான். கலையும் தொழிலும் தனித்தனி என்ற எண்ணம் நம் நவீனக் கலைக்கல்வியின் தொடக்கத்தில் இல்லை.

1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னியஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படம்பிடித்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். எந்த ஓவியரும் அத்தனை எழுத்தையும் அப்படியே நகலெடுக்க உட்கார்ந்திருக்க மாட்டார். கேமரா ஓவியரிடமிருந்து நகலெடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டது. உள்ளதை உள்ளபடி காட்டும் கடமையிலிருந்து ஓவியர் விடுபட்டதும் நவீன ஓவியம் பிறக்க ஒரு காரணம். ஐரோப்பாவிலும் அப்படித்தான், பிறகு சென்னையிலும் அப்படித்தான். இங்கே மிச்சமான நேரம் கலைஞருக்கே திரும்பி வந்தது.

அச்சு வேறு வகையில் வேலை செய்தது. ரவி வர்மா 1894இல் பம்பாய்க்கு அருகே காட்கோபரில் அச்சகம் தொடங்கி, தன் எண்ணெய் ஓவியங்களை வண்ண அச்சாக வெளியிட்டார். அரண்மனைச் சுவரில் தொங்கிய லட்சுமியும் சரஸ்வதியும் குடிசைக்குள் வந்தார்கள். கோவில்பட்டியில் கொண்டையா ராஜு நாடகத் திரைச்சீலை எழுதுவதிலிருந்து காலண்டர் படத்துக்கு வந்தார். சிவகாசி அச்சகங்கள் அவரும் அவர் மாணவர்களும் எழுதிய முருகனையும் மீனாட்சியையும் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. இயந்திர நகல் கலைப்பொருளின் தனித்தன்மையைக் கரைத்துவிடும் என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். நம் வீடுகளில் நடந்தது அவர் கணக்கில் அடங்காதது. அச்சடித்த படத்துக்குச் சட்டம் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டுகிறோம். ஆயிரத்தில் ஒரு நகல் நம் வீட்டில் ஒரே தெய்வமாகிவிடுகிறது. தனித்தன்மையை அச்சகம் எடுத்துக்கொண்டது. வழிபாடு அதைத் திருப்பிக் கொடுத்தது.

அச்சின் குறை ஒரு புதிய கலையையே உண்டாக்கியதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. அக்காலப் பத்திரிகைத் தாளில் புகைப்படம் மங்கலாகத்தான் விழும். கோட்டோவியம் துல்லியமாக விழும். 1940களின் பிற்பகுதி முதல் ஆனந்த விகடனில் வந்த தென்னாட்டுச் செல்வங்கள் தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார். மையின் மெல்லிய கோடுகளால் அவர் கல்லின் வழவழப்பையும் நிழலையும் கொண்டுவந்தார். கேமரா இருந்த காலத்தில், அச்சு இயந்திரத்தின் இயல்பை அறிந்து கை கண்டுபிடித்த வழி அது.

தகடும் நெருப்பும்

சென்னை நவீனக் கலையில் இயந்திர யுகத்தை நேராக உள்வாங்கியவர்கள் சிற்பிகள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இல் மெரினாவில் நிறுவப்பட்டது. பாறையை நெம்பும் நான்கு உடல்களில் தசைவலிமைதான் பேசுகிறது. அடுத்த தலைமுறை தசையை விட்டுத் தகட்டுக்குப் போனது. ஸ்பெயின் நாட்டு ஜூலியோ கோன்சாலஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் பாரிஸில் ஒரு கார் தொழிற்சாலையில் வெல்டிங் கற்றார். 1928இலிருந்து பிக்காசோவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். செதுக்குவது, வார்ப்பது என்ற இரண்டே வழி இருந்த சிற்பத்துக்கு ஒட்டிச் சேர்ப்பது என்ற மூன்றாவது வழி அப்படித் திறந்தது.

அந்த வழி சென்னைக்கு வந்தபோது உள்ளூர் மரபோடு கலந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் அங்கே கலைஞர்கள் தங்கள் ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான நேரத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். பி.வி. ஜானகிராம் செம்புத்தகட்டை அடித்து வளைத்து, அதன்மேல் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து உருவங்கள் செய்தார். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்து, முன்புறமிருந்து பார்க்கும்படி விரியும் கதைச் சிற்பங்களைப் படைத்தார். கோயில் கவசத்தையும் திருவாசியையும் அறிந்த கண்கள் அவற்றைப் பார்த்ததும் இனங்கண்டுகொள்ளும். வெல்டிங் டார்ச் ஐரோப்பாவில் பிறந்தது. இங்கே அது கன்னார் தெருவின் மொழியைக் கற்றுக்கொண்டது. இயந்திரத்தைக் கலைஞர் தன் வீட்டிலேயே, தன் விருப்பப்படி வைத்துக்கொண்டதால் விளைந்த பலன் இது.

அச்சோவியத்திலும் இதையே காண்கிறோம். ஆர்.எம். பழனியப்பனின் கல்லச்சு, உலோக அச்சுப் படங்களில் வானில் பறத்தல், நிலப்படம், எண், அளவு ஆகியவையே பொருளாகின்றன. இயந்திரம் அங்கே கருவியாக மட்டும் இல்லை. உலகத்தைப் பார்க்கும் கோணமாகவே மாறியிருக்கிறது. இந்தப் போக்குக்கு எதிர்த்திசையில், பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீஃபன் காக்ஸ் 1980களில் மாமல்லபுரத்துக்கு வந்து சிற்பக்கூடம் அமைத்து, உள்ளூர்ச் சிற்பிகளோடு கருங்கல்லில் வேலை செய்தார். தொழிற்புரட்சி பிறந்த நாட்டின் நவீனக் கலைஞர் ஒருவர் உளியின் ஊரைத் தேடி வந்ததும் இயந்திர யுகத்தின் விளைவுதான்.

குமாரசாமியும் ஹேவலும்

நம் பக்கத்துச் சிந்தனையாளர்களில் இந்தக் கேள்வியை ஆழமாக எண்ணியவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்து, நிலவியல் படித்து, இலங்கையின் கனிமவள ஆய்வுத்துறைக்குத் தலைமை தாங்கியவர். ஊர் ஊராகக் கல்லைத் தேடிப் போனவர் கைவினைஞர்களின் வாழ்வு சிதைவதைக் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை 1908இல் அச்சிட்டபோது, ஆங்கிலேயக் கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே 425 படிகள் அச்சிட்டார். அந்த நூலுக்கு வேண்டிய புகைப்படங்களை எடுத்தவர் அவர் மனைவி எத்தல். ஆலை இயந்திரத்தை எதிர்த்த நூலுக்கும் கேமரா தேவைப்பட்டது. இதை முரண்பாடு என்று நான் கருதவில்லை. மனிதரை ஆளும் இயந்திரம் வேறு, மனிதர் ஆளும் கருவி வேறு என்பதே அவர் நிலை.

சென்னைக் கலைப்பள்ளியிலும் பிறகு கல்கத்தாவிலும் பணியாற்றிய இ.பி. ஹேவல் இதே எண்ணத்தை நடைமுறையில் காட்டினார். இந்தியக் கலை மரபுக்காக வாதாடிய அவர்தான் நெசவாளர்களிடம் விசைநாடாத் தறியைக் கொண்டுபோகச் சொன்னவரும். ஆலைத்தறி நெசவாளரை வீட்டிலிருந்து வெளியேற்றியது. விசைநாடா அவர் வீட்டுக்குள்ளேயே அவர் வேகத்தைக் கூட்டியது. இரண்டுமே தொழில்நுட்பம்தான். ஒன்றில் மிச்ச நேரம் ஆலை முதலாளிக்கு, மற்றதில் நெய்பவருக்கு.

அணு ஆய்வுக்கூடம் படித்த செப்புத்திருமேனி

இயந்திரம் கலையை உண்டாக்காமல், அதைப் படித்துப் பாதுகாக்கும் பணியும் செய்கிறது. அதற்கான சிறந்த எடுத்துக்காட்டு சதுரங்கப்பட்டினத்தின் வாசலிலேயே இருக்கிறது. 1971இல் கல்பாக்கத்தில் தொடங்கிய, இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று, அணு உலையின் குழாய்களையும் பற்றவைப்புகளையும் உடைக்காமலே உள்ளே குறை பார்ப்பது. அந்தக் கலையில் தேர்ந்த பல்தேவ் ராஜ், சி. ராஜகோபாலன், சி.வி. சுந்தரம் ஆகியோர் அதே முறைகளைத் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளின் மேல் திருப்பினார்கள். ஊடுகதிர்ப் படம் வார்ப்பின் உள்ளே இருக்கும் துளைகளையும் ஒட்டுகளையும் காட்டியது. கூறாய்வு உலோகக் கலவையைச் சொன்னது. 2000இல் அவர்கள் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள்.

மெழுகுவார்ப்பில் ஒவ்வொரு அச்சும் ஒரே முறைதான் பயன்படும். திருமேனியை வெளியே எடுக்கும்போது களிமண் அச்சு உடைந்துவிடும். அதனால் ஒவ்வொரு திருமேனிக்கும் தனிக் கைரேகை உண்டு. அதைப் பதிந்துவைத்தால் திருட்டுப்போன சிலையை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டலாம். உலோகவியலாளர் சாரதா சீனிவாசன் ஈய ஐசோடோப்பு ஆய்வின் வழியே திருமேனிகளின் காலத்தை வகைப்படுத்த முயன்றதும் இந்த வரிசையில் முக்கியமானது. திருட்டுப்போன பத்தூர் நடராசரை லண்டன் நீதிமன்றத்தின் வழியே மீட்டு 1991இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த வரலாறு, இத்தகைய சான்றுகள் ஏன் தேவை என்பதை எல்லோருக்கும் உணர்த்தியது. சோழர் காலக் கன்னாரின் கைத்திறனுக்கு அணு விஞ்ஞானிகள் செய்த மரியாதையாகவே இந்தப் பணியை நான் பார்க்கிறேன்.

ஃப்ளெக்ஸ், கணினி, செயற்கை நுண்ணறிவு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சென்னை அண்ணா சாலையில் வானளாவ நின்ற சினிமா பேனர்களைக் கையால் எழுதியவர்கள் ஒரு தனிக் கலைமரபு. சிறு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதை ஒவ்வொரு கட்டமாகப் பெரிய சீலையில் ஏற்றி, கன்னத்தில் ரோஸும் நீலமும் அடித்து, தெருவின் தூரத்துக்கு ஏற்ற முகத்தை உண்டாக்கினார்கள். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளிலேயே ஃப்ளெக்ஸ் அச்சு அந்தத் தொழிலை ஏறக்குறைய துடைத்துவிட்டது. இங்கே மிச்ச நேரத்தில் ஒரு மணிகூட ஓவியருக்கு வரவில்லை. அவருக்குப் புதிய இயந்திரத்தில் பங்கும் இல்லை, பயிற்சியும் இல்லை. புகைப்படம் வந்தபோது ஓவியருக்குக் கிடைத்த விடுதலை, ஃப்ளெக்ஸ் வந்தபோது ஏன் கிடைக்கவில்லை? பேனர் எழுதியவரைச் சமூகம் கலைஞராகக் கருதாமல் கூலிக்காரராகக் கருதியதே காரணம். அவர் கையிலிருந்து போனதற்கு ஈடாக எதையும் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கணினியை விரும்பி ஏற்றவர்களின் அனுபவம் வேறு. ஓவியர் டிராட்ஸ்கி மருது, மற்றவர்கள் தயங்கிய காலத்திலேயே கணினியை ஓவியக் கருவியாகக் கையில் எடுத்து, தன் கோட்டின் வேகத்தை அசைவூட்டத்துக்கும் திரைப்படத்துக்கும் கொண்டுபோனார். கோட்டின் மேல் ஆளுமை உள்ளவருக்கு எந்தத் திரையும் தாளாகிவிடும்.

இப்போது கல்லுக்கும் கணினி வந்திருக்கிறது. சி.என்.சி. இயந்திரம் கணினியில் உள்ள வடிவத்தைப் பார்த்துப் பலகைக் கல்லில் புடைப்புச் சிற்பத்தைத் தானே குடைகிறது. துரப்பண முனை மேலிருந்து மட்டுமே இறங்கும் சாதாரண இயந்திரத்தால் அடிக்குடைவு செய்ய முடியாது. ஆனால் இத்தாலியின் கராராவில் எல்லாப் பக்கமும் திரும்பும் இயந்திரக் கைகள் முழு உருவத்தையே பளிங்கில் செதுக்குகின்றன. கடைசி மெருகு மட்டும் மனிதர் கையில். அந்த இயந்திரம் விலை குறைந்து நம் கரைக்கு வருவது காலத்தின் கேள்விதான்.

செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2018இல் நியூயார்க்கின் கிறிஸ்டீஸ் ஏலத்தில், ஏறக்குறைய 15,000 பழைய ஓவியங்களைக் கணினிக்குக் காட்டி உருவாக்கிய ஒரு முகப்படம் 4,32,500 டாலருக்கு விலைபோனது. இதுவரை வந்த இயந்திரங்கள் கலைஞரின் நேரத்தை மிச்சப்படுத்தின. இது பல்லாயிரம் கலைஞர்கள் ஏற்கெனவே செலவழித்த நேரத்தை எடுத்து ஆள்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பி செதுக்கிய துர்க்கையின் படம் இணையத்தில் இருந்தால், அதுவும் அந்த இயந்திரத்துக்கு உணவாகலாம். சிற்பியின் பெயர் எங்கும் வராது. பல்லவச் சிற்பியின் பெயரை நாம் தொலைத்ததைப்போல இவர் பெயரையும் தொலைப்பது நியாயமில்லை.

தூசு

இந்த ஆய்வில் கடைசியாக வருவதால் சிறியது என்று கருதக் கூடாத ஒன்று, கட்டிங் மெஷின் கிளப்பும் தூசு. உளி பெரும்பாலும் சில்லாக உடைக்கும். சுழலும் தகடு கல்லை மாவாக அரைக்கும். கருங்கல்லில் உள்ள படிகச் சிலிக்கா அந்த மாவில் கண்ணுக்குத் தெரியாத துகளாகி நுரையீரலின் அடிவரை போய்ப் படிகிறது. சிலிகோசிஸ் என்னும் அந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. தடுக்க மட்டுமே முடியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது. ஆனால் மின்விசை இருக்குமிடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்று அதே சட்டம் வரையறுத்தது. நாலைந்து பேர் உட்கார்ந்து செதுக்கும் பட்டறை அந்த வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. கலையின் நேரத்தை மிச்சப்படுத்திய இயந்திரம், செய்பவரின் ஆயுளிலிருந்து அந்த நேரத்தைக் கழித்துக்கொள்வதை ஒரு சமூகம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

முடிவாக

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கேமரா, விசைநாடா, வெல்டிங் டார்ச், மருதுவின் கணினி இவையெல்லாம் செய்பவரின் கையில் இருந்தன, கலை வளர்ந்தது. ஆலைத்தறியும் ஃப்ளெக்ஸ் அச்சும் செய்பவரைத் தாண்டிப் போயின, கலை வறண்டது. மாமல்லபுரத்தின் கட்டிங் மெஷின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது சிற்பியின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அதன் பலனைச் சந்தை எடுத்துக்கொள்கிறது, அதன் தூசைச் சிற்பி எடுத்துக்கொள்கிறார்.

இதை மாற்ற முடியும். வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்டவிடும் ஏற்பாடும், தூசை உறிஞ்சும் விசிறியும், சரியான முகக்கவசமும் ஒவ்வொரு பட்டறைக்கும் கிடைக்கும்படி அரசு மானியம் தரலாம். ஆண்டுக்கொருமுறை நுரையீரல் பரிசோதனையைப் பட்டறைக்கே கொண்டுபோகலாம். புவிசார் குறியீட்டோடு, எது கையுளியில் செய்தது, எது இயந்திரம் கலந்தது என்பதையும் சிற்பியின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் சான்றிதழ் வந்தால், பொறுமையான வேலைக்கு அதற்குரிய விலை கிடைக்கும். சிற்பக் கல்லூரியில் முதலாண்டு முழுவதும் கையுளியே என்று வைத்து, அதன்பின் கணினியையும் இயந்திரத்தையும் தயங்காமல் கற்றுக்கொடுத்தால், கல்லின் ஓசையை அறிந்தவர்களே நாளைய இயந்திரக் கைகளையும் ஆள்வார்கள். கல்பாக்கத்தின் ஆய்வாளர்கள் செப்புத்திருமேனிக்குச் செய்ததை இந்தக் கரையின் கற்சிற்பங்களுக்கும், அவற்றைச் செதுக்கும் உடல்களுக்கும் விரிவாகச் செய்ய முன்வந்தால், அதைவிட நல்ல அண்டை உறவு வேறில்லை.

இயந்திரம் வரும், வந்துகொண்டே இருக்கும். அது மிச்சப்படுத்தும் நேரத்தைச் சிற்பியின் கணக்கில் வரவுவைக்க நாம் ஏற்பாடு செய்தால், அந்த நேரத்தை இன்னும் நுணுக்கமான விரலாகவும் இன்னும் உயிருள்ள கண்ணாகவும் மாற்றத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.